தொழில்புரிவோரும் தோழமை மஜ்லிஸும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

ஹலாலான உழைப்பின் சிறப்புப் பற்றி நாம் எத்தனையோ ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கின்றோம். ஆனால் உழைப்பதற்கென்று வீட்டைவிட்டுப் புறப்பட்ட பிள்ளை அங்கே எவ்வாறு நிலைகொள்கின்றான், எதைக் கற்கின்றான், தடுமாறும் வேளையில் யாரிடம் வாய் திறக்கின்றான் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இன்றைய உரை அதைப் பற்றியதாகும்.

எமது வரக்காப்பொலையை எடுத்துக்கொள்வோம். கொழும்பு - கண்டி வீதியில் பயணிப்போர் தலகுலியும் ஹலப்பவும் வாங்குவதற்காக வாகனத்தை நிறுத்தும் ஊர் இது. வீதியோரத்தில் கடைகள்; அண்மையிலுள்ள துல்ஹிரியவில், முன்னர் அரசாங்கப் புடைவை ஆலை இயங்கிய இடத்தில், இன்று எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் ஆடைத் தொழிற் பூங்கா. சுற்றுப்புறமெங்கும் இறப்பர்த் தோட்டங்கள். இவற்றுக்கு மேலதிகமாக, அதிகாலை பஸ்ஸிலோ அம்பேபுஸ்ஸ புகையிரத நிலையத்திலோ ஏறிக் கொழும்புக்குச் சென்று இரவில் திரும்பும் பிள்ளைகள். இவர்கள் அனைவரும் உழைக்கின்றார்கள். ஆயினும் பெரும்பாலும் தனித்தனியாக உழைக்கின்றார்கள். இந்தத் தனிமைதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் சேர்ந்த பிள்ளை ஒருவனை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். இரண்டாம் மாதம் இருப்புக் கணக்கில் ஒரு பிழை விடுகின்றான். முதலாளியிடம் சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகின்றான். வாப்பாவிடம் சொன்னால் அவர் கவலைப்படுவார். கடையில் மூத்தவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். கூட்டாளிமாரிடம் சொல்ல வெட்கம். எனவே அடுத்த மாதக் கணக்கில் அந்தப் பிழையை மறைக்கின்றான். மறைத்ததை மறைக்க இன்னொரு பிழை செய்கின்றான். ஆறாம் மாதம், காரணம் எதுவும் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டு வீட்டில் வந்து படுத்துக்கொள்கின்றான். உம்மா அண்டை வீட்டாரிடம், "இந்தக் காலத்துப் புள்ளைகளுக்குப் பொறுமை இல்ல" என்கின்றார். உண்மையில் அவனிடம் பொறுமை இல்லாமல் இருக்கவில்லை. பேசுவதற்கு ஓர் இடம்தான் இல்லாமல் இருந்தது.

அவ்விடத்தை எவ்வாறு உண்டாக்குவது? ஏறத்தாழ ஒரே வயதினர், ஒரே தரத்தினர் ஐந்தாறு பேர் குறித்த நாளில் ஒன்றுகூடி, தத்தம் தொழிலில் எதிர்ப்படும் உண்மையான ஒரு சிக்கலை முன்வைத்து, ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுத் துணைபுரியும் சிறிய வட்டங்கள் இன்று உலகின் பல நிறுவனங்களில் இயங்குகின்றன. அவ்வட்டத்தில் ஆசிரியர் இல்லை, அதிகாரி இல்லை. இதனை நாம் தோழமை மஜ்லிஸ் என்று அழைத்துக்கொள்வோம்.

இதற்கு மேற்குலகில் வழிகாட்டியவர்களுள் ஒருவர் ரெக் ரெவன்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் முதலில் பௌதிக விஞ்ஞானி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கெவண்டிஷ் ஆய்வுகூடத்தில், உலகப் புகழ்பெற்ற அறிஞர்கள் ஒன்றுகூடித் தமக்கு விளங்காதவற்றை ஒருவருக்கொருவர் வெளிப்படையாகச் சொல்லிக் கலந்துரையாடுவதை அவர் கண்டார். பின்னர் 1940களில் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் துறையின் கல்விப் பொறுப்பை ஏற்றபோது, சுரங்க முகாமையாளர்களுக்குப் பாடம் நடத்த விரிவுரையாளர்களை அனுப்புவதைவிட, அவர்களையே சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவர் மற்றவரின் சுரங்கத்தைச் சென்று பார்த்து, தம் சிக்கல்களைத் தாமே பேசித் தீர்க்கச் செய்வது பயன் தரும் என்று வாதிட்டார். நூலில் எழுதிவைக்கப்பட்ட அறிவு ஒரு பாதி. சரியான கேள்வியைக் கேட்கத் தெரிவது மறு பாதி என்பது அவரது கருத்தின் சாரம். 2003இல் மறையும்வரை அவர் இதனையே வலியுறுத்தி வந்தார்.

ஜப்பானில் 1962ஆம் ஆண்டு முதல், பேராசிரியர் இஷிகாவாவின் வழிகாட்டலில், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தரவட்டங்களாகக் கூடத் தொடங்கினர். இந்தியாவில் 1980இல் ஹைதராபாத்திலுள்ள பெல் தொழிற்சாலையில் இம்முறை ஆரம்பமாயிற்று. அதே தசாப்தத்தில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பல கம்பனிகள் இதைப் பார்த்து வட்டங்களை அமைத்தன. அவற்றுட் பல சில ஆண்டுகளிலேயே மறைந்துபோயின. மேலதிகாரிகள் வட்டத்தைத் தமது அறிக்கைகளுக்கான அலங்காரமாக்கியதும், தொழிலாளி சொன்ன யோசனையைக் கேட்டுவிட்டுக் கிடப்பில் போட்டதும் இதற்கான காரணங்களுள் முக்கியமானவை. இதை நாம் மறக்கலாகாது. எமது நிருவாகசபைகளுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கின்றது. அதைப் பிறகு சொல்கின்றேன்.

அன்பர்களே! இது வெளியிலிருந்து வந்த புதுமை என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் ஒரு சம்பவத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் தோழர்களிடையே சகோதரத்துவப் பிணைப்பை ஏற்படுத்தியபோது, ஸல்மானுல் பாரிஸீ (ரழி) அவர்களையும் அபுத்தர்தா (ரழி) அவர்களையும் சகோதரர்களாக்கினார்கள். ஒருநாள் ஸல்மான் (ரழி) தம் சகோதரரின் வீட்டுக்குச் சென்றார்கள். வீட்டுத் தலைவி அலங்காரமின்றிப் பழைய உடையில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். உமது சகோதரருக்கு உலக விடயத்தில் நாட்டமே இல்லை என்ற கருத்தில் அவர் பதிலளித்தார். அபுத்தர்தா (ரழி) வந்து உணவு வைத்தார்கள். தாம் நோன்பு என்றார்கள். நீங்கள் உண்ணாமல் நானும் உண்ணமாட்டேன் என்று ஸல்மான் (ரழி) கூறவே, அவரும் உண்டார். இரவானதும் தொழுவதற்கு எழ முயன்றார், உறங்குங்கள் என்றார்கள். மீண்டும் எழ முயன்றார். மீண்டும் உறங்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதி வந்ததும், இப்போது எழும்புங்கள் என்று கூறி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். அதன் பின்னர்தான் இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனியே உரிமைகள் உள்ளன, ஒவ்வொருவருக்கும் உரியதை வழங்குங்கள் என்ற உபதேசம் வந்தது. அபுத்தர்தா (ரழி) இதனை நபி (ஸல்) அவர்களிடம் சென்று கூறினார்கள். ஸல்மான் உண்மையே உரைத்தார் என நபியவர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

இச்சம்பவத்தை நாம் பெரும்பாலும் வணக்கத்தில் நடுநிலை என்ற தலைப்பிலேயே கேட்டிருக்கின்றோம். ஸல்மான் (ரழி) அவர்கள் கையாண்ட முறையைக் கவனியுங்கள். முதலில் கண்ணால் கண்டார்கள். பிறகு கேட்டார்கள். பிறகு அங்கேயே தங்கினார்கள்; சேர்ந்து உண்டார்கள்; சேர்ந்து தொழுதார்கள். சொல்ல வேண்டியதை எல்லாவற்றுக்கும் கடைசியில் சொன்னார்கள். உபதேசத்தைக் கேட்டவரோ கோபித்துக்கொள்ளவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் இல்லை. தம்மிலும் அறிந்த நபியவர்களிடம் எடுத்துச்சென்று சரிபார்த்தார்கள். எம்மில் எத்தனை பேர் இந்த ஒழுங்கைப் பேணுகின்றோம்? வீட்டு வாசற்படியில் கால் வைக்கும்போதே உபதேசத்தை ஆரம்பித்துவிடுகின்றோம்.

இன்னொரு செய்தி, இதுவும் புகாரியில் உள்ளதுதான். உமர் (ரழி) அவர்கள் மதீனாவின் மேற்பகுதியில் வசித்தார்கள். தினமும் நபியவர்களின் சபைக்கு வருவது அவர்களுக்கு இயலவில்லை. ஆகவே தம் அன்ஸாரி அயலவர் ஒருவருடன் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருநாள் இவர் செல்வார். மறுநாள் அவர் செல்வார். சென்றவர் அன்றைய செய்தியையும் வஹீயையும் மற்றவருக்கு வந்து அறிவிப்பார். தொழிலையும் விடவில்லை; கற்பதையும் விடவில்லை. நேரமில்லை என்று சொல்லும் எமக்கு உமரை விடவா அலுவல் அதிகம்?

இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் கூபா நகரில் புடைவை வியாபாரியாக இருந்தவர்கள். மாணவர்கள் வாதிட இடமளித்து, கருத்துகளை அலசிய பின்னரே முடிவுக்கு வரும் அவர்களின் ஹலகா வரலாற்றில் புகழ்பெற்றது. எமது முன்னோரும் இதை அறியாதவர்களல்லர். இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, எந்தச் சந்தையில் எது விலைபோகின்றது, எந்த வியாபாரி கடனை அடைக்காமல் இழுத்தடிக்கின்றார் என்று பேசிக்கொண்டவர்கள் பட்டம் பெற்றவர்களல்லர். ஆனால் ஒருவரிடம் ஒருவர் தொழில் கற்றார்கள். இன்று திண்ணை இருக்கின்றது, டைல்ஸ் பதித்து அழகாகவே இருக்கின்றது. அமர்வோர் தலைகள் கைத்தொலைபேசியில் குனிந்துள்ளன. எமது ஊர்களில் பயான்களுக்குக் குறைவில்லை. ஒருவர் பேச நூறு பேர் கேட்கின்றோம். இதோ, வானொலியிலும் நான் பேச நீங்கள் கேட்கின்றீர்கள். ஐந்து பேர் அமர்ந்து ஐவரும் பேசும் சபைகள்தாம் அரிதாகிவிட்டன.

கேகாலை மாவட்டத்தில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. 1978இல் இம்மாவட்டத்தின் வல்கம கிராமத்தில்தான் திரு. கிரிவந்தெனிய அவர்கள் நலிவுற்றிருந்த சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் புத்துயிர் ஊட்டினார். சணச இயக்கம் அங்கிருந்து நாடெங்கும் பரவியது. வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பு வேறு விடயம். அதில் எமக்கு எவ்விதத் தளர்வும் இல்லை. ஒருவரையொருவர் அறிந்த சாமானிய மக்கள் தவறாமல் கூடினால் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை மாத்திரமே இங்கு சுட்டுகின்றேன். அதேபோன்று, 2000ஆம் ஆண்டின் துருசவிய நிதியச் சட்டத்தின் கீழ் சிறு இறப்பர்த் தோட்ட உரிமையாளர்கள் கிராம மட்டத்தில் சங்கங்களாக ஒன்றிணைக்கப்பட்டனர்.

இறப்பர் பால் வெட்டும் சகோதரர்களுக்கு நான் சொல்லப்போவது நன்கு விளங்கும். மரத்தின் பால் குழாய்கள் பட்டையின் உட்பக்கத்தில், மரத்தண்டுக்கு மிக அண்மையில் உள்ளன. ஆழமாக வெட்டினால்தான் பால் கூடுதலாக வரும். ஆனால் மயிரிழை அளவு கூடிவிட்டால் கத்தி தண்டில் பட்டுக் காயமாகிவிடும். அன்றைக்குப் பால் குறையாது. வெட்டியவருக்குப் பிழை தெரியாது. காலம் சென்று அவ்விடத்தில் புதுப்பட்டை வளரும்போதுதான் அது முடிச்சு முடிச்சாக, மறுபடி வெட்ட இயலாததாக இருக்கும். அதிகாலையில் தன்னந்தனியே மரம் மரமாகச் செல்பவரின் கைப்பிழையை யார் காண்பார்? பக்கத்துக் காணியில் வெட்டும் தோழர் ஒருநாள் கூட வந்து, கத்தியை ஏன் இப்படிச் சரிக்கின்றீர் என்று கேட்டால், அந்த ஒரு கேள்வி பல மரங்களைக் காப்பாற்றிவிடும். முஃமின் முஃமினுக்குக் கண்ணாடி என்ற கருத்துடைய நபிமொழியை அபூதாவூதில் காண்கின்றோம். கண்ணாடி கூச்சலிடுவதில்லை, அடுத்த வீட்டாரிடம் போய்ச் சொல்வதுமில்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். ஐந்து அல்லது ஆறு பேர் போதும். பத்தைத் தாண்டினால் அது கூட்டமாகிவிடும். இருவர் பேச மற்றவர்கள் கேட்பர். ஒரே முதலாளியிடம் வேலை செய்வோராக அல்லாமல், ஒருவர் கடையில், ஒருவர் ஆடைத் தொழிற்சாலையில், ஒருவர் கராஜில், ஒருவர் பாடசாலையில் என்று வெவ்வேறு இடங்களில் பணிபுரிவோராக இருப்பது நல்லது. அப்போது பயமின்றிப் பேசலாம். இரு கிழமைக்கு ஒருமுறை, ஒன்றரை மணித்தியாலம். ஒரு தடவைக்கு இருவரின் விடயம் மட்டும் எடுக்கப்படட்டும்.

அன்றைய தினத்துக்குரியவர் தம் சிக்கலைச் சொல்வார். அடுத்த பதினைந்து நிமிடங்களுக்கு மற்றவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம், யோசனை கூறக்கூடாது. இது மிகக் கடினமான நிபந்தனை என்பதை முதல் நாளிலேயே உணர்வீர்கள். "நான் என்றால் அந்த வேலையை அன்றைக்கே விட்டிருப்பேன்" என்று நாவின் நுனிவரை வரும். விழுங்கிக்கொள்ளுங்கள். முன்னர் குறிப்பிட்ட அந்த இரும்புக் கடைப் பிள்ளை இப்படியொரு மஜ்லிஸில் இருந்திருந்தால் அவனிடம் என்ன கேட்டிருப்பார்கள்? பிழை எத்தனை ரூபாய்? அது எந்த நாளில் நிகழ்ந்தது? அக்கணக்கை உனக்கு யாராவது காட்டித் தந்தார்களா? முதலாளி இதற்கு முன் எவருடைய பிழையையாவது மன்னித்திருக்கின்றாரா? நான்காவது கேள்விக்குப் பதில் தேடும்போதே அவனுக்கு வழி தென்பட்டிருக்கும். அவன் வாயாலேயே, நாளை காலை கடை திறந்ததும் சொல்லிவிடுகின்றேன் என்று வந்திருக்கும். அப்படித் தானாக எடுத்த முடிவுக்கும், பிறர் திணித்த முடிவுக்கும் வேறுபாடு உண்டு. அடுத்த மஜ்லிஸ் அந்த முடிவு என்னவாயிற்று என்ற விசாரணையுடன்தான் ஆரம்பமாக வேண்டும். இந்த முஹாஸபா இல்லையேல் அது வெறும் அரட்டையே.

இங்கே இரண்டு அபாயங்கள் உள்ளன. ஒன்று புறம். முதலாளியைப் பற்றி, மேற்பார்வையாளரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. மஜ்லிஸ் முடிந்து எழும்பும்போது எல்லோரும் தம் நன்மைகளை அவருக்கு வழங்கிவிட்டே எழும்புவர். எனவே, அவர் என்ன செய்தார் என்பதற்கு ஒரு நிமிடம். நான் என்ன செய்தேன், என்ன செய்யப்போகின்றேன் என்பதற்கு மீதி நேரம். மற்றொன்று அமானிதம். சபையில் பேசப்பட்டது சபையோடு இருக்க வேண்டும். தொழில் வழங்குநரின் வியாபார இரகசியங்களும் அமானிதமே; சிக்கலை விளக்க அவை தேவைப்படா.

எல்லாவற்றையும் மஜ்லிஸில் தீர்த்துவிட இயலாது. சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிக்கப்பட வேண்டும். அதனுடன் தொழில் வழங்குநர் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் செலுத்த வேண்டும். இது சட்டம். ஆறு பேர் தம் சம்பளச் சிட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஒருவருக்கு இது செலுத்தப்படவில்லை என்று கண்டால், செல்ல வேண்டிய இடம் தொழில் திணைக்களம். மனம் நொந்து உறக்கமின்றித் தவிப்பவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். பெண் பிள்ளைக்குத் தொழிலிடத்தில் தொல்லை கொடுக்கப்பட்டால், கேள்வி கேட்டுக்கொண்டிராமல் உடனே பொறுப்புள்ளோர் தலையிட வேண்டும்.

பெண்களைப் பற்றியும் கூற வேண்டும். ஆசிரியைகளாக, தாதிகளாக, தையல் தொழிலாளராக எத்தனையோ சகோதரிகள் உழைக்கின்றனர். நபி (ஸல்) அவர்களிடம் பெண்கள் வந்து, ஆண்கள் உங்களைச் சூழ்ந்துகொள்கின்றனர், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்குங்கள் என வேண்டியபோது நபியவர்கள் ஒதுக்கிக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கும் ஒரு சகோதரிக்கு, ஒரு சட்டைக்கு எவ்வளவு கூலி கேட்பது என்பதைக் கேட்டறிய வேறு நான்கு சகோதரிகள் இருப்பது சிறிய விடயமன்று. அவர்களுக்கெனத் தனி மஜ்லிஸும், அதற்கு ஓர் அறையும் வேண்டும்.

தொழிலிடத்தில் எம்முடன் இருப்போர் பெரும்பாலும் சிங்களச் சகோதரர்கள். தோட்டப்புறத் தமிழ்ச் சகோதரர்களும் உளர். பகலுணவு வேளையில் எம்மவர் மட்டும் ஒரு மூலையில் அமரும் பழக்கத்தை நான் விரும்புவதில்லை. நபியவர்கள் ஹிஜ்ரத் சென்றபோது பாதை காட்ட அமர்த்தியவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். அவர் அப்போது முஸ்லிமாக இருக்கவில்லை. பாதையை அறிந்தவர், நம்பத்தக்கவர் என்பதே அளவுகோலாயிற்று. இயந்திரம் நன்கறிந்த ஒரு சிங்களத் தோழரிடம் கேட்டுக் கற்பதும், அவருக்குத் தெரியாத ஒன்றை நாம் காட்டிக்கொடுப்பதும், அவர்களையும் சேர்த்துத் தொழிலிடத்திலேயே ஒரு வட்டம் அமைப்பதும் எவ்வகையிலும் குறையல்ல. எமது பிள்ளைகளின் சிங்கள மொழியும் இதனால் சீராகும்.

நிருவாகசபைகளுக்குச் சொல்கின்றேன் என்றேனல்லவா? இளைஞர்கள் கேட்டால் இடம் கொடுங்கள். விளக்கைப் போட்டுக் கொடுங்கள். தேநீர் கொடுத்தால் மிக நன்று. ஆனால் தலைவரை நியமிக்காதீர்கள், அறிக்கை கேட்காதீர்கள், புகைப்படம் எடுத்து மாட்டாதீர்கள். மூத்த வியாபாரி ஒருவரின் அனுபவம் தேவையென்று பிள்ளைகளே அழைத்தால் அவர் செல்லட்டும். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு எழும்பி வரட்டும்.

பெற்றோர்களே! மகன் மஜ்லிஸிலிருந்து இரவு ஒன்பதரை மணிக்கு வீடு திரும்பும்போது, அங்கே யார் என்ன பேசினார்கள் என்று துருவாதீர்கள். அது அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இந்த இரு கிழமையில் நீ என்ன செய்வதாக முடிவெடுத்திருக்கின்றாய் என்று மட்டும் கேளுங்கள். அவன் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் சோற்றைப் போட்டுக் கொடுங்கள்.